வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் ஜெர்மன்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டுசல்டோர்ஃப் நகருக்கு நாங்கள் குடிவந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு. இருவரும் இங்கேயே பிறந்தவர்கள். என் ஊர் மன்னார்குடிப் பக்கம், கணவருடையது திருநெல்வேலி. நான் மொழியியல் படித்தவள் அல்ல. மகள் பிறந்த புதிதில் ஆளாளுக்கு ஒன்று சொல்லிப் பயமுறுத்தினார்கள். அந்தப் பயத்தில் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் பாதி வீட்டில் பலித்தது, மீதி பலிக்கவில்லை. புதிதாக இங்கே வரும் தமிழ்க் குடும்பங்கள் விளையாட்டுத் திடலிலும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு, பலிக்காததையும் மறைக்காமல், பதில் எழுதியிருக்கிறேன்.

இரண்டு மொழிகள் ஒரே நேரத்தில் காதில் விழுந்தால் குழந்தை குழம்பிப் போகாதா?

போகாது. மதுரையில் வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். கோவில்பட்டிப் பக்கம் வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ். அவர்களைப் பார்த்து யாரும் 'குழம்பிவிட்டீர்களா' என்று கேட்டதில்லை. அதே காரியத்தை விமானம் ஏறி வந்து செய்தால் மட்டும் நமக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

இந்தப் பயத்துக்கு ஆராய்ச்சி வடிவமும் உண்டு. அதற்கு வயது நூறு. 1923இல் சேர் என்பவர் வேல்ஸில் வெல்ஷும் ஆங்கிலமும் பேசிய பிள்ளைகளைச் சோதித்து, கிராமத்து இருமொழிப் பிள்ளைகள் அறிவுத்திறனில் பின்தங்கியிருப்பதாக எழுதினார். நகரத்துப் பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் இல்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருந்தது. அது யார் நினைவிலும் தங்கவில்லை. 1962இல் மான்ட்ரியால் நகரத்தில் பீல், லாம்பர்ட் என்ற இருவர் பத்து வயதுப் பிள்ளைகளைக் குடும்ப வசதியையும் கணக்கில் எடுத்துக்கொண்டு சோதித்தபோது, இருமொழிப் பிள்ளைகளே மேலாக இருந்தார்கள். அன்றிலிருந்து ஊஞ்சல் மறுபக்கம் ஆடத் தொடங்கி, 'இரண்டு மொழி தெரிந்தால் மூளை கூர்மையாகும்' என்று விற்கிறார்கள். அதைப் பற்றியும் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. என் பிள்ளைகளின் மூளையைக் கூராக்க நான் தமிழ் பேசவில்லை. என் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அதனால் பேசுகிறேன்.

பேச்சு தாமதமாகிறது, தமிழை நிறுத்திப் பாருங்கள் என்கிறார்களே?

இரண்டு வயதை ஒட்டி, 21 முதல் 24 மாதங்களுக்குள், ஜெர்மனியில் ஒரு பரிசோதனை உண்டு. குழந்தையின் மருத்துவப் பரிசோதனைகளைக் குறித்துவைக்கும் மஞ்சள் கையேட்டில் 'ஊ 7' என்று போட்டிருக்கும். அந்த வயதில் ஐம்பது சொற்களாவது சொல்கிறதா என்று பார்ப்பார்கள். என் மகளை அழைத்துப்போன அன்று மருத்துவர் எத்தனை சொல் என்று கேட்டார். நானும் கிட்டாவில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், அவள் கற்றுவந்த ஜெர்மன் சொற்களை எண்ணி, இருபது இருக்கும் என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு ஒரு பந்தை எடுத்துக் காட்டினார். ஜெர்மனில் பந்துக்குக் கிட்டத்தட்ட 'பால்' என்றுதான் சொல்வார்கள். இவளும் 'பால்' என்றாள். அவர் மகிழ்ந்து குறித்துக்கொண்டார். அது பசி வேளை. பிள்ளை கேட்டது பந்தை அல்ல என்பது எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளை எடுத்து எழுதினேன். காக்கா, நிலா, மம்மம், சாமி, பூ, தாத்தா, வேண்டாம், போதும், இன்னும்... தமிழ்ச் சொற்கள் மட்டும் ஐம்பதைத் தாண்டின. எண்ணும்போது இரண்டு மொழிகளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதே முறை. அதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நாம் சொல்லிவிட வேண்டும். எழுதிய தாளோடு போவது நல்லது.

இரண்டு மொழிகளையும் சேர்த்து எண்ணியும் குறைவாக இருந்தால், முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். காத்திருந்து பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். உண்மையான பேச்சுக் குறைபாடு என்றால் அது இரண்டு மொழிகளிலும் தெரியும். ஒரு மொழியைப் பிடுங்கிவிடுவதால் அது தீராது. தமிழை நிறுத்தினால் நிற்பது, குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் நீங்கள் பேசிக்கொண்டிருந்த பேச்சு. உங்கள் இலக்கணப் பிழை ஜெர்மன் அந்த இடத்தை நிரப்பாது. என் ஜெர்மனைக் கேட்டு என் மகளே திருத்துகிறாள்.

ஆளுக்கு ஒரு மொழியா, வீட்டில் தமிழ் மட்டுமா? எந்த முறை சரி?

ஆளுக்கு ஒரு மொழி என்பது பழைய யோசனை. 1913இல் ரோன்ழா என்ற பிரெஞ்சுக்காரர் தன் மகன் லூயியை வளர்த்த விதத்தை நூலாக எழுதினார். அப்பா பிரெஞ்சு, அம்மா ஜெர்மன், எவரும் தன் மொழியை விட்டு இறங்குவதில்லை என்பது ஏற்பாடு. இப்போதும் பலர் இதையே வேதவாக்காகச் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த வீட்டு லூயிக்குப் பலித்தது எல்லா வீட்டிலும் பலிப்பதில்லை. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் அனிக் டி ஹௌவர் 1,899 குடும்பங்களிடம் விவரம் திரட்டி 2007இல் வெளியிட்டார். பெற்றோரில் ஒருவராவது டச்சு தவிர வேறு மொழியும் பேசும் வீடுகள் அவை. அவற்றில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வீடுகளில் பிள்ளைகள் அந்த வேறு மொழியைப் பேசவே இல்லை. எல்லாப் பிள்ளைகளும் டச்சு பேசினார்கள். அதாவது ஊர் மொழி தானாக வந்துவிடும். வீட்டு மொழிதான் கைநழுவும். அம்மா அப்பா இருவரும் வீட்டு மொழியைப் பேசிய குடும்பங்களில்தான் அது நன்றாக நின்றது. ஆகவே இருவரும் தமிழர் என்றால், 'ஒருவர் தமிழ், ஒருவர் ஜெர்மன்' என்று பாகம் பிரிக்காதீர்கள். இருவரும் தமிழே பேசுங்கள். ஜெர்மனைக் கிட்டாவும் தெருவும் பார்த்துக்கொள்ளும்.

முறையைவிட நான் முக்கியமாக நினைப்பது வேறு. தமிழ் இல்லாமல் காரியம் ஆகாது என்ற நிலை அந்தப் பிள்ளையின் நாளில் எங்காவது இருக்கிறதா? அம்மாவுக்கு ஜெர்மன் தெரியும், அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியும் என்றால் எட்டு வயதுப் பிள்ளை எதற்காகச் சிரமப்பட்டுத் தமிழில் வாக்கியம் முடிக்க வேண்டும்? தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு மனிதர், தமிழில் மட்டுமே நடக்கும் ஒரு வேலை, ஒன்றாவது வேண்டும். எங்கள் வீட்டில் அந்த மனிதர் அம்மாயி, என் அம்மா. அந்த வேலை தோசை. மாவு கரைப்பதிலிருந்து திருப்பிப் போடுவது வரை அடுப்படியில் ஜெர்மன் கிடையாது. கரண்டி, தோசைக்கல், முறுகல், புளித்துவிட்டது, ஒட்டுகிறது, எண்ணெய் போதாது... இவற்றுக்கு ஜெர்மன் சொல் தேடுவதைவிட அவளுக்குத் தமிழே எளிது.

என் கணவர் ஜெர்மானியர். நான் ஒருத்தி மட்டும் தமிழ் பேசினால் நிற்குமா?

நிற்கும், உழைப்பு இரட்டிப்பு. எனக்குத் தெரிந்த இப்படிப்பட்ட வீடுகளில் மொழி கழன்றுபோன இடம் சாப்பாட்டு மேசை. கணவருக்குப் புரியவில்லை, மாமியார் முகம் சுருங்குகிறது, மரியாதைக்காக ஜெர்மனுக்கு மாறுகிறோம், மாறியவர்கள் திரும்புவதில்லை. கணவர் தமிழ் பேச வேண்டியதில்லை, ஆனால் 'தண்ணீர் கொண்டு வா', 'தூங்கப் போகலாம்' என்ற அளவுக்காவது புரிந்துகொள்ளத் தொடங்கினால் மேசையில் பாதிச் சிக்கல் தீரும். பிள்ளைகளுக்கு அப்பாவைவிட நமக்கு ஒன்று அதிகம் தெரிகிறது என்ற குஷியும் வரும்.

தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறாள். என்ன செய்வது?

எல்லாரும் வந்து நிற்கும் இடம் இதுதான். மூன்று வயதில் ஆரம்பிக்கும்.

நார்வேயில் ஆங்கிலமும் நார்வேஜியனும் பேசும் வீடுகளை ஆராய்ந்த எலிசபெத் லான்சா, பிள்ளை மொழி மாறும்போது பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்பதை ஐந்து படிகளாக வைத்தார். ஒரு முனையில், புரியாததுபோல் இருந்து மறுபடி சொல்லவைப்பது. அடுத்து, 'இதைத்தானே சொல்கிறாய்' என்று நம் மொழியில் ஊகித்துக் கேட்பது. பிறகு, அவள் சொன்னதை நம் மொழியில் திருப்பிச் சொல்வது. நான்காவது, கண்டுகொள்ளாமல் பேச்சைத் தொடர்வது. ஐந்தாவது, நாமே மாறிவிடுவது. முதல் முனைக்கு அருகில் நிற்கும் வரை பிள்ளைக்குத் தமிழ் தேவைப்படுகிறது. ஐந்தாவதுக்கு வந்துவிட்டால் தேவை முடிந்தது.

எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். மகள் காகிதம் வெட்டிக்கொண்டிருக்கிறாள். "அம்மா, ஷேரெ எங்கே?" ஷேரெ என்றால் கத்தரிக்கோல்.

"கத்தரிக்கோலா? எந்தக் கத்தரிக்கோல், பெரியதா சின்னதா?"

"சின்ன ஷேரெ."

"சின்னக் கத்தரிக்கோல் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பெரிய கத்தரிக்கோலைத் தொடாதே."

"கத்தரிக்கோல் இங்கே இல்லை அம்மா."

கிடைத்தது. கண்டிப்பு இல்லை, 'தமிழில் சொல்' என்ற கட்டளை இல்லை. அந்தச் சொல் நான்கு தடவை காதில் விழுந்தது, ஐந்தாவது தடவை அவள் வாயில் வந்தது. எல்லா நாளும் இப்படி முடியும் என்று நினைக்காதீர்கள். பள்ளியில் அடிபட்டு அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் ஊகம், திருப்பிச் சொல்வது எதுவும் வேண்டாம். எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் அழட்டும். நீங்கள் தமிழில் தேற்றுங்கள்.

செய்யவே கூடாத ஒன்று: வீட்டுக்கு வந்த விருந்தாளி முன் பிள்ளையை நிறுத்தி, 'மாமாவுக்குத் தமிழில் ஏதாவது சொல்லிக் காட்டு' என்பது. தமிழ் என்றால் பரீட்சை என்று அன்றே முடிவு செய்துவிடும்.

இரண்டையும் கலந்து ஒரே வாக்கியத்தில் பேசுகிறானே?

பேசட்டும். ஜன்னல், சாவி, அலமாரி என்று நாம் நாள் முழுக்கப் போர்த்துக்கீசியம் பேசிக்கொண்டு நான்கு வயதுப் பையனைக் கோபிப்பது நியாயமில்லை. இரண்டு மொழிகளும் தெரிந்தவர்களிடம் கலப்பான். ஜெர்மன் மட்டும் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு தமிழ்ச் சொல்லும் வராது, கவனித்துப் பாருங்கள். ஆளறிந்து பேசத் தெரிந்தவன் குழம்பியவன் இல்லை.

சொல்லைவிட வாக்கிய அமைப்பு கலப்பதுதான் வேடிக்கை. ஜெர்மனில் பசியை 'வைத்திருப்பார்கள்'. அதனால் என் மகன், "நான் பசி வைத்திருக்கிறேன்" என்று வந்து நிற்பான். குளிருக்கு மட்டும் ஜெர்மன்காரர்களும் நம்மைப்போல 'எனக்கு' என்றுதான் தொடங்குவார்கள். 'எனக்குக் குளிர்கிறது' அவனுக்குத் தவறியதே இல்லை. பசியை நான் திருத்தவில்லை. "பசிக்கிறதா, வா" என்று மட்டும் சொல்வேன். சரியாகிவிட்டது, கொஞ்சம் வருத்தம்தான்.

எந்தத் தமிழைப் பேசுவது? புத்தகத் தமிழா, வீட்டுத் தமிழா?

வீட்டுத் தமிழ். இதில் எனக்கு ஐயமே இல்லை. 'வந்தாங்க' என்று பேசி 'வந்தார்கள்' என்று எழுதும் மொழி நம்முடையது. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இந்த இரண்டாவது படி தானாகக் கிடைக்கிறது. செய்தி, மேடை, சுவரொட்டி, கோயில் அறிவிப்பு என்று காதிலும் கண்ணிலும் விழுந்துகொண்டே இருக்கிறது. இங்கே அது இல்லை. அதற்காக, பள்ளித் தமிழில் திக்கித் திக்கிப் பேசிப் பழக்கினால், பிள்ளை ஊருக்குப் போகும்போது உறவினர்கள் சிரிப்பார்கள். ஒரு தடவை சிரித்தால் போதும், பிள்ளை வாயைத் திறக்காது.

சிங்கப்பூரில் தமிழ் பள்ளிப் பாடம், அரசாங்க மொழிகளில் ஒன்று. அங்கேயே 2005இல் பாடத்திட்டத்தை மறுபரிசீலனை செய்த குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. எழுத்துத் தமிழ் பேசும் மனிதர்களை வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் எங்கே பார்ப்பார்கள்?

எழுத்துத் தமிழைக் கதைப் புத்தகம் வழியாக உள்ளே விடலாம். இரவில் படிக்கும்போது, அச்சில் உள்ளபடியே ஒரு வரி வாசிப்பேன். உடனே அதை எங்கள் பேச்சில் சொல்வேன். ஆறு மாதம் கழித்து இரண்டாவதைச் சொல்ல மறந்தால்கூட அவளுக்குப் புரிந்தது. மன்னார்குடிப் பேச்சா, திருநெல்வேலிப் பேச்சா என்ற சண்டையும் எங்கள் வீட்டில் உண்டு. அதற்குத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். பிள்ளைகள் அப்பாவிடம் ஒரு மாதிரியும் என்னிடம் ஒரு மாதிரியும் பேசுகிறார்கள்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எல்லாரும் ஈழத்தமிழர்கள். எங்கள் பிள்ளையின் பேச்சு மாறிவிடாதா?

மாறினால் என்ன? இந்த நாட்டில் தமிழ் வகுப்பு என்று ஒன்று இருப்பதே அவர்களால்தான். எண்பதுகளில் போருக்குத் தப்பி வந்தவர்கள், கையில் ஒன்றுமில்லாத காலத்தில், வாரக் கடைசியில் வாடகை அறைகளில் தமிழாலயங்களை நடத்தத் தொடங்கினார்கள். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலை 2002இல் கட்டி எழுப்பியவர்களும் அவர்களே. நாம் கணினி வேலைக்கு விசா வாங்கிக்கொண்டு, எல்லாம் தயாராக இருக்கும்போது வந்து சேர்ந்தோம்.

என் மகள் முதல் மாதமே "சப்பாத்தைக் கழற்றவா?" என்று கேட்டாள். காலணிக்கு யாழ்ப்பாணத்தில் அதுதான் சொல். ரொட்டிக்குப் பாண், பேசுவதற்குக் கதைப்பது, அழகுக்கு வடிவு. அம்மாயியிடம் "உங்கள் சேலை வடிவாக இருக்கிறது" என்றாள். அம்மாயிக்கு அது எந்த ஊர்ப் பேச்சு என்று தெரியவில்லை. ஆனால் அன்று முழுவதும் அந்தச் சேலையை மாற்றவில்லை. சேர்த்துவிடுங்கள். மற்றப் பிள்ளைகளும் தமிழ் பேசுகிறார்கள் என்று பார்ப்பதே பெரிய விஷயம். அம்மா மட்டும் பேசும் விசித்திர மொழி அல்ல இது என்று அன்றுதான் பிள்ளைக்குத் தெரிகிறது.

எழுத்தை எப்போது தொடங்குவது? 247 என்றாலே மலைப்பாக இருக்கிறது.

247ஐ மறந்துவிடுங்கள். 12 உயிர், 18 மெய், சில குறிகள், மற்றவை கூட்டு. ஜெர்மன் முதல் வகுப்பில் வாசிப்பு கொஞ்சம் ஓடத் தொடங்கியதும் தமிழைத் தொடங்கினோம். எழுத்து என்றால் ஒலி என்பது ஒரு மொழியில் புரிந்துவிட்டால் அடுத்ததற்கு அதை மறுபடி கற்பிக்க வேண்டியதில்லை.

இரண்டு இடங்களில் முட்டினாள். ஒன்று, 'கொ'. "க் முதலில் கேட்கிறது, ஒ பிறகு கேட்கிறது. கொம்பு ஏன் முன்னால் நிற்கிறது?" என்னிடம் பதில் இல்லை. இன்னொன்று, 'தம்பி'. ஜெர்மனில் இரண்டு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்து இருப்பதால், 'பாப்பா'வில் வரும் ப-வும் 'தம்பி'யில் வரும் ப-வும் ஒரே எழுத்து என்பதை அவள் ஏற்கவே இல்லை. விதி சொல்லிக் குழப்பாமல், சத்தமாகச் சேர்ந்து வாசித்தோம். ஏற்கெனவே பேசத் தெரிந்த சொல் என்றால் வாய் தானாகச் சரியான ஒலிக்குப் போய்விடும். பேசத் தெரியாத பிள்ளைக்கு எழுத்தை மட்டும் கற்றுத்தருவது இதனால்தான் வீண்.

தெருவில் தமிழ்ப் பெயர்ப்பலகை இல்லாத ஊரில் எதை வாசிப்பது? மளிகைப் பொட்டலத்தை. தானாக அவள் வாசித்த முதல் சொல் 'கடுகு'.

யூடியூபில் தமிழ்ப் பாட்டு போட்டுவிடுகிறோம். போதாதா?

2003இல் சியாட்டில் நகரத்தில் பாட்ரிசியா குல்லும் சகாக்களும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி கேட்கவைத்தார்கள். நேரில் ஒருவர் உட்கார்ந்து பன்னிரண்டு தடவை விளையாடிப் பேசியபோது அம்மொழியின் ஒலி வேறுபாடுகளைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, திரையில் காட்டியபோது ஒன்றும் ஒட்டவில்லை. பாட்டு போடுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாடுங்கள். திரை மட்டும் என்றால் அது உங்களுக்குக் கிடைக்கும் அரைமணி ஓய்வு. ஓய்வும் தேவைதான், அதைத் தமிழ்க் கணக்கில் எழுத வேண்டாம்.

ஆங்கிலத்தை என்ன செய்வது?

விட்டுவிடுங்கள். இந்த மாநிலத்தில் மூன்றாம் வகுப்பில் பள்ளியே தொடங்குகிறது. ஜெர்மானியப் பிள்ளைகள் வளர்ந்து நன்றாகவே ஆங்கிலம் பேசுகிறார்கள், உங்கள் பிள்ளையும் பேசும். வெளிநாட்டுத் தமிழ் வீட்டில் தமிழின் இடத்தைப் பிடிப்பது பெரும்பாலும் ஜெர்மன் அல்ல, நாம் ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த ஆங்கிலம். அலுவலக விஷயம், பணம், பிள்ளைக்குத் தெரியக்கூடாத விஷயம் என்று கணவன் மனைவி ஆங்கிலத்துக்குத் தாவுகிறோம். முக்கியமானது எதுவும் தமிழில் நடப்பதில்லை என்று பிள்ளை புரிந்துகொள்கிறது. சிங்கப்பூரில் பள்ளி, வானொலி, தொலைக்காட்சி, நாளிதழ் எல்லாம் தமிழுக்கு இருந்தும், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5.

தாத்தாவை 'நீ' என்கிறாள். எப்படித் திருத்துவது?

ஜெர்மனிலும் நீ, நீங்கள் உண்டு. ஆனால் கிட்டாவில் ஆசிரியையைப் பெயர் சொல்லி 'நீ' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மரியாதைப் பன்மை பள்ளிப் பருவத்தில்தான் வருகிறது. அந்தப் பழக்கத்தில் என் மகள் வீடியோ அழைப்பில், "தாத்தா, நீ ஏன் சட்டை போடவில்லை?" என்று கேட்டாள். மே மாதம், மன்னார்குடி, மின்சாரம் இல்லை. தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்திலிருந்த பெரியம்மா சிரிக்கவில்லை.

பாடம் நடத்துவதில் பயனில்லை. அவள் காதில் 'நீங்கள்' விழவில்லை என்பதே காரணம். நானும் கணவரும் ஒருவரையொருவர் நீ என்று பேசிக்கொள்கிறோம், பிள்ளைகளையும் நீ என்கிறோம். பிறகு யாரிடமிருந்து கற்பாள்? அதன்பின் பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது 'தாத்தா சொன்னார்', 'தாத்தா, நீங்கள் சாப்பிட்டீர்களா' என்று அவள் முன்னால் நாங்களே கொஞ்சம் அதிகமாகப் பேச ஆரம்பித்தோம். ஆறேழு மாதம் ஆயிற்று.

உறவுப் பெயரில் வேறு ஆபத்து காத்திருக்கிறது. என் தம்பி பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது, கிட்டாவிலிருந்து மகளை அழைத்துவர அவனை அனுப்பினேன். காலையிலிருந்து அவள் எல்லாரிடமும் 'இன்று மாமா வருகிறார்' என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். ஜெர்மனில் மாமா என்றால் அம்மா. ஆசிரியைகள் என்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்க, மீசையோடு ஒருவன் வந்து நின்று, நான்தான் மாமா என்றான்.

முதல் பிள்ளை பேசுகிறாள், இரண்டாவது பேசவில்லை. ஏன்?

அக்கா பள்ளிக்குப் போனதும் ஜெர்மனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறாள். விளையாட்டு ஜெர்மனில், சண்டை ஜெர்மனில், கட்டிலுக்கடியில் ரகசியம் ஜெர்மனில். எங்கள் வீட்டில் இந்த இடத்தில் நான் தோற்றுவிட்டேன். காசு கொடுத்துப் பார்த்தேன், மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன். மிட்டாய் தீரும்வரை தமிழ். இப்போது தம்பியைத் தனியாகப் பிடிக்கிறேன். அக்கா நீச்சலுக்குப் போகும் ஒரு மணி நேரம் அவனும் நானும் மட்டும். அந்த நேரத்தில் தமிழ் வருகிறது. அவர்கள் இருவரும் தங்களுக்குள் தமிழ் பேசுவார்கள் என்ற ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

எட்டு வயதாகிவிட்டது, இதுவரை பேசவில்லை. இனி முடியாதா?

கொரியாவிலிருந்து மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் பிரான்ஸுக்குத் தத்துப்போனவர்களை, பெரியவர்களான பிறகு பாலியே என்பவரின் குழு 2003இல் சோதித்தது. கொரிய மொழியை மற்ற வேற்று மொழிகளிலிருந்து அவர்களால் பிரித்தறியவே முடியவில்லை. அத்தனை ஆண்டு பேசிய மொழியே அப்படிப் போகும் என்றால், சின்ன வயதில் போட்ட அஸ்திவாரம் போதும் என்று நிம்மதியாக இருக்க முடியாது. உங்கள் வீட்டு நிலைமை அவ்வளவு மோசமில்லை. உங்கள் பிள்ளை நீங்கள் பேசுவதைப் புரிந்துகொண்டு எட்டு ஆண்டு கேட்டிருக்கிறது.

ஒரே நாளில் 'இனி வீட்டில் தமிழ் மட்டும்' என்று சட்டம் போடாதீர்கள். அம்மா திடீரென்று வேற்றாளாகிவிட்டதுபோல் பிள்ளை மிரளும். ஒரு வேலையை மட்டும் தமிழுக்கு மாற்றுங்கள்: கார்ப் பயணம், தோசை, தலை பின்னுவது. அது படிந்த பிறகு அடுத்தது.

கோடை விடுமுறையில் ஊருக்கு அழைத்துப்போனால் சரியாகிவிடுமா?

ஆறு வாரம் பெரிய வரம், அங்குள்ள பிள்ளைகளோடு தனியாக விட்டால். முதல் தடவை போனபோது என் அண்ணன் பிள்ளைகள் இவளிடம் ஆங்கிலம் பேசிப் பழகப் போட்டி போட்டார்கள். இவளுக்கோ ஆங்கிலம் தெரியாது. ஒரு வாரம் இரு தரப்பும் திகைத்து நின்றன. பிறகு தாயக்கட்டை கிடைத்தது. விருத்தம் போட, வெட்ட, அழுகுணி ஆட்டம் என்று கத்த, தமிழ் தேவைப்பட்டது.

வீடியோ அழைப்பில் 'சாப்பிட்டாயா' என்பதைத் தாண்டிப் பேச்சு நகரவில்லையே?

நகராதுதான். 'சாப்பிட்டாயா, பள்ளிக்கூடம் போனாயா, அப்பா எங்கே' மூன்றும் முடிந்தால் பிள்ளை ஓடிவிடும். கையில் ஒரு பொருளோ சொல்ல ஒரு விஷயமோ இருக்க வேண்டும். அம்மாயி அங்கே புள்ளி வைக்க, இவள் இங்கே காகிதத்தில் கோலம் போடுவாள். 'நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா' என்று கேட்கக் கற்றது அப்படித்தான்.

சென்ற நவம்பரில் புனித மார்ட்டின் ஊர்வலம். இந்த வட்டாரத்தில் அது பெரிய திருவிழா. பிள்ளைகள் காகித விளக்குகளோடு பாடிக்கொண்டு போவார்கள், குதிரை மேல் மார்ட்டின் வருவார், கடைசியில் தீ மூட்டுவார்கள். மறுநாள் அம்மாயியிடம் சொல்லத் தொடங்கினாள். விளக்கு சரி, குதிரை சரி. தீக்குத் தடுமாறினாள். 'பெரிய நெருப்பு, வீட்டளவு, எல்லாரும் சுற்றி நின்றோம்' என்று கைகளை விரித்துக் காட்டினாள்.

"சொக்கப்பனையா?" என்றார் அம்மாயி. அவருக்கும் கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. கோயில் வாசலில் பனையோலை கட்டிக் கொளுத்துவதை விவரித்தார். இவள் மார்ட்டின் கதைக்கு வந்தாள். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரன், கத்தியால் தன்... இங்கே சொல் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "போர்வை" என்றேன். தன் போர்வையைக் கத்தியால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்துவிட்டார்.

"எங்கள் பேகன் முழுசாகவே கொடுத்துவிட்டான்," என்றார் அம்மாயி. "அதுவும் மயிலுக்கு."

"மயிலுக்குக் குளிருமா?"

அங்கிருந்து நாற்பது நிமிடம் ஓடியது. நான் அடுப்படிக்குப் போய் வேலையைப் பார்த்தேன், என்னை யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் காலை கட்டிலில் உட்கார்ந்து தம்பிக்கு அந்தப் பேகன் கதையை, மலை, மயில், போர்வை எல்லாம் சேர்த்து முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெர்மனில்.